பேகிள் மேரியில் நடந்த ஒரு திருமணம்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களிடம் 'மேரி' என்று சொன்னால் கடற்கரைச் சாலைக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு பழைய சாயலிலேயே மறுபடி எழுந்து நிற்கிறதே, அதுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது மேர் அமர்ந்த இடம். 1880ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் சிவில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது இங்கும் சட்டமாயிற்று. தாலி எங்கே கட்டினாலும், மோதிரம் எங்கே மாற்றினாலும், பதிவேட்டில் ஏறிய காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் பென்ஷன் ஆபீசில் அலைந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பிரான்சில் இது இன்னும் கண்டிப்பு. புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், பாதிரியார்களிடம் இருந்த பதிவேடுகளை வாங்கி நகரசபைகளிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அங்கே திருமணம் என்றால் மேரியில் நடப்பதுதான். மாதா கோயிலில் பூசை வைக்கலாம், ஆனால் மேரியில் முடித்த பிறகுதான். இதை முன்னதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எழுதப்போகும் கதையில் ஒரு சின்னக் கட்சியும் ஒரு மேரும் ஒரு பதிவேடும் இருக்கிறார்கள். பதிவேட்டின் மதிப்பு தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அந்தக் கட்சி பிரான்சின் பசுமைக் கட்சி, 'லெ வேர்' என்பார்கள். 1974 ஜனாதிபதித் தேர்தலில் ரெனே துய்மோன் என்ற வேளாண் அறிஞர் சுற்றுச்சூழலுக்காக முதன்முதலில் நின்றார். தொலைக்காட்சியில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்து, இதுவும் ஒருநாள் அரிதாகிவிடும் என்று பேசினார். கிடைத்த வாக்கு 1.32 சதவீதம். 1984இல் கட்சியாகத் திரண்டார்கள். 1997இல் சோஷலிஸ்டுகளோடு கூட்டணி சேர்ந்துதான் முதல்முறையாகச் சட்டசபைக்குள் நுழைந்தார்கள். 2002 ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் நொயெல் மாமேர் 5.25 சதவீதம் வாங்கினார். அதே ஆண்டு சட்டசபைத் தேர்தலில் 577 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை மூன்று. அந்த மூன்றில் ஒருவர் மாமேர். முன்பு தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தவர். பொர்தோ நகரை ஒட்டிய பேகிள் என்ற ஊருக்கு 1989 முதல் 2017 வரை அவர்தான் மேராக இருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதை பிரெஞ்சுச் சட்டம் 1791 முதலே குற்றமாகக் கருதவில்லை. நடுவில் 1942இல் விஷி அரசாங்கம் வயது வரம்பில் ஒரு பாகுபாட்டைப் புகுத்தியது. அது 1982இல் நீங்கியது. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, குடும்பம் என்று ஏற்பது வேறு. எண்பதுகளில் எய்ட்ஸ் நோய் வந்தபோது இந்த வித்தியாசம் கொடுமையாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருடம் கூடவே இருந்தவர் இறந்துவிடுவார். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும். உயிரோடு இருப்பவர் மறுநாள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

இதற்கு மருந்தாக 1999 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் பாக்ஸ். ஆண் பெண் என்ற பேதமின்றி இரண்டு பேர் செய்துகொள்ளும் சிவில் ஒப்பந்தம். சபையில் பெரும் கூச்சல். கிறிஸ்தீன் புத்தேன் என்ற உறுப்பினர் அதை எதிர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசினார். கடைசியில் நிறைவேறியது.

பாக்ஸ் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் திருமணம் கேட்டார்கள்? இந்தக் கேள்வியை நம்மவர்களும் கேட்பார்கள். பதிலை இரண்டாகச் சொல்லலாம். முதலாவது, கவுண்டர். பாக்ஸை மேரியில் பதிய முடியாது. நீதிமன்றக் குமாஸ்தாவிடம் போய்ப் பதிய வேண்டும். 2017 வரை அப்படித்தான் இருந்தது. கலியாணத்துக்கு மேர் மூவண்ணப் பட்டை அணிந்து வருவார், இவர்களுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இரண்டாவது, பென்ஷன். சொல்தா குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் 'ரெவெர்ஸியோன்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கணவர் இறந்தால் மனைவிக்கு வரும் பங்கு. அது திருமணம் செய்தவருக்குத்தான் உண்டு, பாக்ஸ் செய்தவருக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கவும் பாக்ஸ் வழி விடவில்லை.

2001இல் ஹாலந்தும் 2003இல் பெல்ஜியமும் ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதித்துவிட்டன. 2004 மார்ச்சில் பிரான்சிலும் ஓர் அறிக்கை வெளியாயிற்று. திதியே எரிபோன் என்ற சிந்தனையாளரும் தானியெல் பொரியோ என்ற சட்ட அறிஞரும் அதற்கு முன்நின்றார்கள். மேர்கள் துணிந்து இத்தகைய திருமணங்களை நடத்திவைக்க வேண்டும் என்று அது கேட்டது. நான் நடத்துகிறேன் என்று மாமேர் முன்வந்தார்.

அவருடைய வாதம் குமாஸ்தா புத்திக்குப் பிடித்தமான வாதம். நெப்போலியன் காலத்து சிவில் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது என்று எங்கேயாவது வரையறை இருக்கிறதா? இல்லை. 144ஆம் பிரிவு, ஆணுக்கு 18 வயதும் பெண்ணுக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். வெளிப்படையாகத் தடை இல்லாததால் செய்யலாம் என்றார் அவர். எதிர்த்தரப்பு 75ஆம் பிரிவைக் காட்டியது. மேர் மணமக்களிடம் கேட்டுப் பெறும் சம்மதத்தில் 'கணவனாகவும் மனைவியாகவும்' என்ற சொற்கள் வருகின்றனவே, அது போதாதா என்றது. அரசு வழக்கறிஞர் முறைப்படி ஆட்சேபணை தாக்கல் செய்தார். நீதித்துறை அமைச்சர் பெர்பன், இந்தத் திருமணம் செல்லாது என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

2004 ஜூன் 5ஆம் தேதி, சனிக்கிழமை. பேகிள் மேரிக்கு வெளியே ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள், தொலைக்காட்சிக் கேமராக்கள். உள்ளே இரண்டு ஆண்களுக்கு மாமேர் திருமணம் செய்துவைத்தார். பதிவேட்டில் கையெழுத்தும் ஆயிற்று. சில நாட்களில் உள்துறை அமைச்சர் வில்பேன் அவரை மேர் பதவியிலிருந்து ஒரு மாதம் தற்காலிக நீக்கம் செய்தார். ஜூலை 27இல் பொர்தோ நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தது. 2005 ஏப்ரலில் மேல்முறையீடும் தோற்றது. 2007 மார்ச் 13இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன், பிரெஞ்சுச் சட்டப்படி திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான் என்று முடித்தது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசு வேலையில் காலம் தள்ளியவன் என்ற முறையில், ஆட்சேபணை வந்த பிறகு பதிவேட்டில் கைவைத்தது தப்பு என்றுதான் சொல்வேன். மேர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான். ஆனால் பதிவேட்டின் முன் உட்காரும்போது அவர் அரசாங்கத்தின் அதிகாரி. நாளைக்கு வேறொரு மேர் தனக்குப் பிடிக்காத சட்டத்தை இதே போல மீறலாமே. ஒரு மாதத் தண்டனை நியாயமானதே. மாமேரும் விளைவு தெரிந்துதான் செய்தார்.

ஆனால் அதோடு விட்டிருந்தால் அது வெறும் நாடகம். அவர்கள் விடவில்லை. அதே ஜூன் மாதத்தில் மர்த்தீன் பியார், ஈவ் கொஷே, மாமேர் என்று அந்த மூன்று உறுப்பினர்களும் ஒரே பாலினத்தவர்க்குத் திருமணத்தைத் திறந்துவிடும் மசோதாவைச் சபையில் வைத்தார்கள். 577 பேரில் மூன்று பேர் கொண்டுவரும் மசோதா நிறைவேறாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் மேரியில் செய்ததற்கும் சபையில் வைத்ததற்கும் சேர்த்துத்தான் பொருள். 'சட்டத்தில் இடமில்லை என்கிறீர்களா, சரி, இதோ சட்டம்' என்பது போல.

பெரிய கட்சிக்கு இது தர்மசங்கடம். சோஷலிஸ்டுகளின் முன்னாள் பிரதமர் லியோனெல் ழொஸ்பேன் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். அப்போதைய கட்சிச் செயலாளர் பிரான்சுவா ஒலாந்து, முதலில் சட்டத்தை மாற்றுவோம், மீற வேண்டாம் என்றார். ஆனால் அதுவரை தள்ளிப்போட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இனி தப்ப முடியவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 2011 ஜூனில், சோஷலிஸ்டுகளே அந்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 293க்கு 222 என்று தோற்றது. அதே ஆண்டு ஜனவரியில் அரசியலமைப்பு மன்றமும், இதைத் தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லியிருந்தது.

2012இல் அதே ஒலாந்து ஜனாதிபதியானார். தேர்தல் வாக்குறுதிகளில் 31ஆவது இதுதான். நீதித்துறை அமைச்சராக இருந்த கயானாக்காரர் கிறிஸ்தியான் தொபிரா மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். அவரும் இடதுசாரி ராடிகல் என்ற இன்னொரு சிறிய கட்சியின் பெயரில் 2002இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர்தான். பசுமைக் கட்சிக்கு அப்போது சபையில் தனிக்குழு வைக்கும் அளவுக்கு ஆள் சேர்ந்திருந்தது. அமைச்சரவையிலும் இரண்டு பேர். தெருவில் லட்சக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். சுமார் 5000 திருத்தங்கள் வந்தன. விடிய விடிய விவாதம். 2013 ஏப்ரல் 23இல் 331க்கு 225 என்று நிறைவேறி, மே 17இல் சட்டமாயிற்று. மே 29இல் மோம்பெலியே நகர மேரியில் முதல் திருமணம்.

சட்டத்தின் பெயர் தொபிரா சட்டம். பெருமை ஒலாந்துக்கு. பசுமைக் கட்சியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2012 ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் ஏவா ழொலி வாங்கியது 2.31 சதவீதம்தான். சின்னக் கட்சிகளின் தலையெழுத்து அது. ஆட்சியில் அமர்வதற்காக நிற்கிறவர்கள் ஓட்டை எண்ணிப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆட்சி வராது என்று தெரிந்தவர்களால்தான் பத்து வருடம் முந்திப் பேச முடிகிறது.

பேகிளில் மணம் செய்துகொண்ட அந்த இருவருக்கு மட்டும் நன்மை கிடைக்கவில்லை. சுயமரியாதைத் திருமணங்களை நினைத்துப் பாருங்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது. 1967இல் அண்ணா கொண்டுவந்த சட்டம், முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. 2013 பிரெஞ்சுச் சட்டம் பேகிள் திருமணத்துக்கு அப்படி உயிர் கொடுக்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016 ஜூனில் அவர்கள் மனுவைத் தள்ளிவிட்டது. ரத்தான திருமணம் ரத்தானதுதான். ஆனால் பிரெஞ்சுப் பதிவேட்டில் பக்கத்தைக் கிழிப்பதில்லை. தீர்ப்பை ஓரத்தில் எழுதிவைப்பார்கள். பதிவும் இருக்கும், ரத்தும் இருக்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2013 சட்டத்தோடு சிவில் சட்டத்தில் 171-9 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்காத நாட்டில் குடியிருந்து, அங்குள்ள பிரெஞ்சுத் தூதரகத்திலும் அதை நடத்த முடியாமல் போனால், இருவரில் ஒருவராவது பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கும் பட்சத்தில், பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு மேரியில் மணம் செய்துகொள்ளலாம். பிறந்த ஊர், கடைசியாகக் குடியிருந்த ஊர், பெற்றோர் இருக்கும் ஊர், எதுவும் இல்லாவிட்டால் அவர்கள் விரும்பும் ஊர். நம் தெருவில் பிரெஞ்சுக் கார்டு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6இல் 377ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம், திருமணச் சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. பிரெஞ்சு மன்றம் 2011இல் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான். அதற்கு முன்பே, 2022இல், சுப்ரியா சுலே என்ற உறுப்பினர் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா ஒன்றை லோக்சபாவில் வைத்திருந்தார். நிறைவேறவில்லை. 2004இல் மூன்று பேர் வைத்த மசோதாவும் நிறைவேறவில்லை. அங்கே ஒன்பது ஆண்டு ஆயிற்று.

இந்தத் திருமணம் சரியா தவறா என்பதில் நம் வயதுக்காரர்களுக்குள் ஒத்த கருத்து இருக்காது. என் நண்பர்களில் பாதிப்பேர் மாதா கோயில் பக்கம் நின்று பேசுவார்கள், அது அவர்கள் உரிமை. மேரியில் இருப்பது அரசாங்கப் பதிவேடு. கோயிலுக்குப் போகிறவனும் போகாதவனும் வரி கட்டித்தான் அது நடக்கிறது. பென்ஷன் ஆபீசில் காகிதம் கேட்கும்போது, செத்துப்போனவரோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதரிடமும் ஒரு காகிதம் இருக்கட்டுமே என்பதுதான் அந்தச் சின்னக் கட்சி கேட்டது.