நிர்வாகக் குழு என்ற பள்ளிக்கூடம்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் தெரிவான 225 உறுப்பினர்களுள் பெரும்பான்மையானோர் அதற்கு முன்னர் பாராளுமன்ற ஆசனத்தில் அமர்ந்திராதவர்கள். அவர்களுக்கென அந்த மாத இறுதியில் மூன்று நாள் செயலமர்வு ஒன்று நடத்தப்பட்டது. சட்டம் இயற்றப் போகிறவர்களுக்கு வகுப்பா என்று எனது நண்பர்கள் சிலர் கேலி செய்தனர். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. மூன்று நாட்கள் போதுமா என்றுதான் யோசித்தேன். ஏனெனில், இதே நாட்டில் ஒரு காலத்தில் மக்கள் பிரதிநிதிகளுக்கான வகுப்பு பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. 1931 முதல் 1947 வரை இருந்த அரசாங்க சபையையே சொல்கிறேன்.

டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அப்போதிருந்த சட்டசபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களுக்கு அதிகாரம் இருந்தது, பொறுப்பு இருக்கவில்லை. அதிகாரிகளுக்குப் பொறுப்பு இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. உறுப்பினர்கள் எதையும் தடுக்கலாம், எந்த அதிகாரியையும் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் ஒரு திணைக்களத்தை நடத்திப் பார்த்த அனுபவம் அவர்களில் எவருக்கும் இல்லை. இதற்கு ஆணைக்குழு கண்ட பரிகாரம் வெஸ்ட்மின்ஸ்டர் முறை அன்று. இலண்டன் மாநகர சபை போன்ற உள்ளூராட்சி அமைப்புகளில் இருந்த குழு முறையை அது இங்கே நட்டது.

சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்த வாக்குரிமை, 1931இல் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் விரிந்தது. தெரிவு செய்யப்பட்ட 50 பேர், நியமன உறுப்பினர் 8 பேர், மூன்று அரச உத்தியோகத்தர் என 61 பேர் கொண்ட சபை உருவானது. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தனது தலைவரைத் தெரிவு செய்தது, அவரே அமைச்சர். பின்வரிசை என்று ஒன்று அந்தச் சபையில் இருக்கவில்லை. முதல் முறை தெரிவாகி வந்த கிராமத்து உறுப்பினரும் சுகாதாரத்தையோ விவசாயத்தையோ கவனிக்கும் குழுவின் மேசையில் அமர்ந்தார். திணைக்களத்தின் கோவைகள் அந்த மேசைக்கு வந்தன. திணைக்களத் தலைவர்கள் வந்து விளக்கம் கூறினர். ஒரு வீதிக்கு எவ்வளவு செலவாகும், ஒரு வைத்தியசாலைக்கு எத்தனை தாதியர் தேவை, ஒரு சட்டமூலத்தின் ஒரு சொல் எங்கே இடறும் என்பதையெல்லாம் அவர்கள் மேசையிலேயே கற்றனர்.

அந்த மேசைகளில் விளைந்தவை சாதாரணமானவை அல்ல. பெரி சுந்தரம் தலைமை வகித்த தொழில், கைத்தொழில், வர்த்தகக் குழுவின் காலத்திலேயே 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் வந்தன. கன்னங்கரவின் கல்விக் குழு 1940இல் விசேட குழு ஒன்றை அமைத்தது; 1943இல் அதன் அறிக்கை வெளிவந்தது; 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசக் கல்வியை ஒரு மனிதரின் கொடையாகச் சொல்வது நமது வழக்கம். அதன் பின்னால் பல ஆண்டு காலக் குழு வேலை இருந்ததை எவரும் பேசுவதில்லை.

இந்த இடத்தில் வடக்கைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்ற காரணத்தினால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. கொள்கை அளவில் அந்தப் பகிஷ்கரிப்பு உயர்ந்தது. தென்னிலங்கைத் தலைவர்கள் கேட்கத் தயங்கியதை அந்த வாலிபர்கள் கேட்டார்கள். ஆனால், ஏனையோர் குழு மேசைகளில் ஆட்சிக் கலையைப் பழகிய முதல் மூன்று ஆண்டுகளிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பிரதிநிதிகள் அங்கே இல்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் போன்றோர் 1934இல் உள்ளே வந்தபோது, குழுக்களின் கூட்டல் கழித்தலை மற்றவர்கள் நன்றாகவே படித்து முடித்திருந்தனர். 1936இல் எந்தெந்தக் குழுவில் எத்தனை பேர் அமர்வது என்று கணக்குப் பார்த்து, ஏழு தலைவர்களும் சிங்களவராக வரும்படி காரியம் பார்க்கப்பட்டது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் அவர் வவுனியாவின் பிரதிநிதியானதை வாசகர்கள் அறிவர். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

ஆகவே, குழு முறையைப் பொற்காலமாக நான் சித்திரிக்கவில்லை. அது மந்தமானது, அமைச்சர்களுக்குள் கூட்டுப் பொறுப்பு இருக்கவில்லை, சிறுபான்மையினரை வெளியே தள்ளவும் அதே முறை உதவியது. அமைச்சர்கள் அதை விரும்பவில்லை. சோல்பரி ஆணைக்குழுவும் அதைக் கைவிடவே சிபாரிசு செய்தது. 1947இல் 101 உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதிகள் சபை வந்தது. கோவைகள் அமைச்சரின் அறைக்குப் போயின. அமைச்சரவையில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பேச்சும் வாக்கும் மட்டுமே மிஞ்சின.

வெஸ்ட்மின்ஸ்டரைப் பிரதி எடுத்தவர்கள் அதன் செங்கோலைப் பிரதி எடுத்தார்கள். அங்கே உறுப்பினர்களின் முதுகுக்குப் பின்னால் வளர்ந்து வந்த ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பொதுமக்கள் சபையின் நூலகம் உறுப்பினர்களுக்காக ஆராய்ச்சி செய்யும் இடமாக மாறத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் அந்த வேலை இன்னும் பழையது. விஸ்கொன்சின் மாநிலத்தில் சார்ள்ஸ் மக்கார்த்தி என்பவர் 1901இல் சட்டமன்ற உறுப்பினர்களுக்கான உசாத்துணை நூலகத்தைத் தொடங்கினார். கம்பனிகளின் சட்டத்தரணிகள் எழுதிக் கொடுப்பதை நம்பியிருந்த உறுப்பினர்களுக்கு, கட்சி சாராத தகவலும் சட்டமூலம் வரைவதில் உதவியும் அங்கே கிடைத்தன. 1914இல் அமெரிக்கக் காங்கிரஸின் நூலகத்திலும் அத்தகைய சேவை ஆரம்பமானது. இந்தியா 1976இல் பாராளுமன்றக் கல்விக்கும் பயிற்சிக்கும் என்றே ஒரு பணியகத்தை அமைத்தது. நமது சபைக்கும் நூலகம் உண்டு, ஆராய்ச்சி உத்தியோகத்தர்களும் உண்டு. வேலையின் அளவோடு ஒப்பிட்டால் அது சிறு கை.

அதன் விலை என்ன என்பதைக் கலரியில் இருந்து பார்த்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டு யாப்பின் 122ஆவது உறுப்புரை, தேசிய நலன் கருதிய அவசர சட்டமூலம் என்று அமைச்சரவை முத்திரை குத்தினால், வர்த்தமானியில் வெளியிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்றது. உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலத்தில், மிஞ்சினால் மூன்று நாட்களுக்குள், அபிப்பிராயம் கூற வேண்டும். 18ஆவது திருத்தம் அப்படித்தான் வந்தது. ஜனாதிபதி இரண்டு முறை மட்டுமே பதவி வகிக்கலாம் என்ற வரையறையை நீக்கிய அந்தத் திருத்தம், 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி 161 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 17. அந்த வாரத்தில் ஓர் உறுப்பினர் என்னைத் தாழ்வாரத்தில் மறித்து, "தம்பி, அரசியலமைப்புப் பேரவை போகுதாமே, அதுக்குப் பதிலா என்ன வருகுது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதுவும் முதல் நாள் இரவு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு அறிந்ததுதான். சட்டம் இயற்றுபவர் பத்திரிகைக்காரனிடமும், பத்திரிகைக்காரன் சட்டத்தரணியிடமும் கேட்டுக் கேட்டு ஒரு நாட்டின் யாப்பு திருத்தப்பட்டது. 2015இல் 19ஆவது திருத்தம் அவசர சட்டமூல முறையை நீக்கியது. அது பின்னர் திரும்பி வந்த கதை வேறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015 பெப்ரவரி 27ஆம் திகதிய மத்திய வங்கிப் பிணைமுறிக் கொடுக்கல் வாங்கலை விசாரித்த கோப் குழு, 2016 ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்தது. ஆளும் தரப்பு உறுப்பினர் சிலர் அதில் அடிக்குறிப்புகளைச் செருகி நியாயம் பேச முயன்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அறிக்கை நின்றது. காரணம், அந்தக் குழுவின் பக்கத்தில் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் இருந்தது. எண்களைத் தேடிப் பிடித்து அடுக்கிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் அமைக்கப்பட்ட துறைசார் மேற்பார்வைக் குழுக்கள், கல்விக்கும் சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் ஒவ்வொன்றாக, டொனமூர் குழுக்களை ஞாபகப்படுத்தின. உறுப்பினர்களும் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஆனால் அந்த மேசைகளின் பின்னால் கணக்காய்வாளர் நாயகத்துக்கு நிகரான படை எதுவும் நிற்கவில்லை. அமைச்சின் செயலாளர் கொண்டு வந்த கோவையை அவரே வாசித்து அவரே விளக்கினார். பாராளுமன்றத்துக்கென வரவு செலவுத் திட்ட அலுவலகம் ஒன்றை அமைப்பதற்கான சட்டம் 2023இல்தான் நிறைவேறியது; நாடு வங்குரோத்து அடைந்ததற்கு அடுத்த வருடம்.

2024 தேர்தலின் பின்னர் ஒரு நாள் புதிய உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். படித்தவர், பணிவானவர். 2016ஆம் ஆண்டு கோப் அறிக்கையை எங்கே எடுக்கலாம் என்று விசாரித்தார். பாராளுமன்ற நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம்.

"நாங்கள் அங்க போய்க் கேட்கலாமோ, அண்ணை?" என்றார்.