பிள்ளைகளோடு மட்டாஞ்சேரியில்

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது பெற்றோர் அனைவர்க்கும் எழும் கேள்வி. மிருகக்காட்சிச் சாலையும் பொருட்காட்சியும் உள்ள பெருநகரங்களில் இதற்கு விடை எளிது. சிற்றூர்களில் வாழ்வோரோ, “இங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது?” என்று கையை விரிப்பதுண்டு. எர்ணாகுளத்திற்கு எதிர்க்கரையில் உள்ள மட்டாஞ்சேரி, 1967ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சி அமைந்தபோது அதனுள் அடங்கியது. ஆயினும் அதன் தெருக்கள் இன்றும் சிற்றூரின் தெருக்களே. அவற்றில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் நடந்தால், ஐந்நூறு ஆண்டு வரலாற்றைக் கண்ணாலேயே கண்டுவிடலாம். அந்த நடையை இன்று நேயர்களோடு சேர்ந்து நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அரண்மனை திறப்பதில்லை. சனிக்கிழமை யூதருக்கு ஓய்வுநாள். அன்று அவர்களுடைய கோயிலைப் பார்க்க இயலாது. ஆதலால் ஞாயிற்றுக்கிழமையே நமக்கு ஏற்றது. நாளைத் தேடும்போதே பிள்ளைகள் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். எல்லார்க்கும் ஓய்வுநாள் ஒன்றே அன்று என்பது அப்பாடம்.

எர்ணாகுளத்திலிருந்து படகில் செல்வதே சிறந்தது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது என்றும், சங்க நூல்கள் போற்றிய முசிறித் துறை அதனால் தூர்ந்து, கொச்சியின் வாய் அகன்று துறைமுகமாயிற்று என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். படகு செல்லும் வழியில் தெரியும் வில்லிங்டன் தீவோ இயற்கை தந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காயலின் அடியிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. ஆறு ஒரு துறைமுகத்தை ஆக்கியது. மனிதர் ஒரு தீவை ஆக்கினர். மணலில் வீடு கட்டி விளையாடும் பிள்ளைக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

கரையேறியதும் அருகில் இருப்பது மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்று பெயர் வழங்கினும், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தவர்கள் போர்த்துகீசியரே. பின்வந்த டச்சுக்காரர் இதைப் புதுப்பித்தமையால் அப்பெயர் நிலைத்தது. வெளியே இருந்து பார்த்தால், அரண்மனை என்று பெரிதும் எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். உள்ளே சென்றால்தான் அதன் செல்வம் தெரியும். மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை வண்ண ஓவியங்களாக விரிகிறது. பாட்டியிடம் கதை கேட்ட பிள்ளைகள் ஒவ்வொரு காட்சியையும் தாமே இனம் கண்டுகொள்வர். நாம் விளக்கவேண்டியது ஒன்றுதான்: அயல்நாட்டுக் கிறித்தவர் எழுப்பிய மாளிகையின் சுவரில் இராமன் கதை, அதன் முற்றத்தில் பழயன்னூர் பகவதியின் கோயில்.

அக்கோயிலின் அண்டைச் சுவருக்கு அப்பால் இருப்பது யூதரின் பரதேசிக் கோயில். பரதேசி என்றவுடன் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறதேசத்திலிருந்து வந்தவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த யூதருக்கு, தம் அரண்மனைக்கு அருகிலேயே கொச்சி மன்னர் இடம் அளித்தார். 1568இல் கோயில் எழுந்தது. 1662இல் போர்த்துகீசியரால் சேதமுற்றது. மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் செப்பனிடப்பட்டது. 1760இல் எழுந்த மணிக்கூண்டின் முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமானிய எண்கள், ஒன்றில் மலையாள எண்கள் உள்ளன. உள்ளே காலணியைக் கழற்றி நடந்தால், சீனத்திலிருந்து வந்த நீல வண்ணத் தரையோடுகள் காலடியில் குளிரும். கையால் தீட்டிய அவ்வோடுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பர். ஒரே மாதிரியான இரண்டைத் தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால், பெற்றோர் அமைதியாக நின்று சுற்றிலும் பார்க்கலாம்.

1968ஆம் ஆண்டு இக்கோயிலின் நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே, 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தபின், கொச்சி யூதருள் மிகப் பலர் அங்குச் சென்று குடியேறிவிட்டனர். இன்று இத்தெருவின் வீடுகளில் பெரும்பாலும் கைவினைப் பொருட்கடைகளே உள்ளன. “இங்கே இருந்தவர்கள் எங்கே?” என்று பிள்ளை கேட்கும். அக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடலாகாது. இவர்களை இங்கிருந்து எவரும் விரட்டவில்லை. தம் முன்னோர் நினைந்து வேண்டிய நாட்டை நாடித் தாமே சென்றனர் என்று சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்று மற்றொரு யூதக் கோயிலும் இருந்தது. அதன் மக்களும் இஸ்ரேலுக்குச் சென்றனர், வழிபாடு நின்றது, கட்டடம் சரக்குக் கிடங்காயிற்று. 2019ஆம் ஆண்டு மழையில் அதன் முன்பகுதி இடிந்து விழுந்தது. இரண்டும் ஓர் ஊரின் கோயில்கள். இரண்டிலும் மக்கள் குறைந்தனர். ஒன்று நின்றது, மற்றொன்று சாய்ந்தது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் ஒன்று வெளிப்படை. ஒன்றைக் காண நாள்தோறும் மக்கள் வந்தனர். மற்றதைக் காண எவரும் வரவில்லை. காண்பார் இல்லாத சுவரைக் காப்பாரும் இல்லை. பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வது பொழுதுபோக்கு மட்டும் அன்று என்பதற்கு இந்த இடிந்த சுவரே சான்று.

இனிக் கடைத்தெரு. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடக்கையில், அம்மூட்டைகளைச் சுமந்த தோள்களையும் நினைக்க வேண்டும். முன்னாளில் துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே ‘சாப்ப’ என்னும் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்து அதைப் பிடித்தவனுக்கே அன்றைய வேலை. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். தின்பண்டத்தை வீசி எறிந்து கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாலே போதும்.

நண்பகலில் குஜராத்தியர் தெருவிலுள்ள சமணக் கோயிலுக்குச் சென்றால், தானியம் இடும் வேளையில் புறாக்கள் திரள்திரளாக வந்து இறங்குவதைக் காணலாம். சின்னஞ்சிறு குழந்தைக்கும் இந்நாளில் மிகவும் பிடிக்கும் காட்சி இதுவாகவே இருக்கும். இந்த ஊரில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. கோட்டைக் கொச்சிப் பக்கம் வேளி என்னுமிடத்துச் சலவைத்துறையில் உழைப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டதாக அவர்கள் சொல்லி வருகின்றனர். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணிமுனையைச் செருகி உலர்த்தும் அவர்களுடைய கைத்திறனை நம் பிள்ளைகள் பார்க்கட்டும். நம் மொழியிலேயே நலம் விசாரிக்கட்டும்.

கோட்டைப் பகுதியில் வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம் உள்ளது. தமிழராகிய நாம் அதனினும் நெருக்கமான ஒன்றை அங்கே நினைவுகூர வேண்டும். 1579ஆம் ஆண்டில் அண்டிரிக்கி அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. அதை அச்சிட்ட போர்த்துகீசியர் கல்லூரி இன்று இல்லை. சுட்டிக்காட்டச் சுவர் இல்லாத இடத்தில் சொல்லிக்காட்டும் வாய் வேண்டும்.

மாலையில் கடற்கரையில் சீன வலைகளின் அருகே நிற்போம். நீண்ட மரக்கழிகளில் கட்டிய பெரிய வலை ஒருபுறம்; கயிறுகளில் தொங்கும் கற்கள் மறுபுறம். கல்லின் பாரமும் வலையின் பாரமும் ஈடாக நிற்பதால், சில மனிதர் சேர்ந்து இழுத்தாலே அவ்வளவு பெரிய வலை நீரிலிருந்து எழுகிறது. கயிற்றைப் பிடிக்கப் பிள்ளைகளையும் வலைஞர் அழைப்பதுண்டு. கற்களில் ஒன்று அறுந்தாலும் மற்றவர் தோளில் பாரம் ஏறும் என்பது கயிறு பிடித்த கைக்கு விளங்கும்.

வீடு திரும்பும் படகில் பிள்ளைகள் உறங்கிவிடுவர். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் அவர்கள் மறந்து போகலாம், அதனால் குறையில்லை. நீல ஓடும், புறாவும், இடிந்த சுவரும், கையில் உறுத்திய கயிறும் மறவா. நம் நேயர்களின் ஊரிலும் பழைய மண்டபம் ஒன்று, தூர்ந்த குளம் ஒன்று, பெயர் மறந்த தெரு ஒன்று இருக்கும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளின் கையைப் பிடித்து அங்கே அழைத்துச் செல்வோம்.