ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள்: கோயிலும் அரசும், சென்னையும் பம்பாயும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறித் தாதரில் இறங்கி, தாராவியில் குடியேறிய தமிழர் ஒருவர் ஊரும் மொழியும் மாறியதை உடனே உணர்ந்திருப்பார். தம்முடைய சாமிக்கும் சர்க்காருக்கும் இடையிலான உறவும் அந்தப் பயணத்தில் மாறிவிட்டது என்பது அவர் கவனத்திற்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஊரில் அவர் கும்பிட்ட பெரிய கோயிலின் உண்டியலைத் திறக்கும்போது அறநிலையத் துறையின் அலுவலர் அருகில் நிற்பார். மாதுங்காவின் ஆஸ்திக சமாஜத்திலோ, செம்பூர் செடா நகரில் படியேறிப் போகும் முருகன் கோயிலிலோ அப்படி ஒரு நிர்வாக அதிகாரி இல்லை. அவை பக்தர்கள் கூடி அமைத்த சங்கங்களின் கோயில்கள். ஆனால் அரசு அங்கேயும் இருக்கிறது, வேறொரு வடிவத்தில். இரு வடிவங்களும் ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் சோதனைக்கு உள்ளாயின என்பது நம் அரசமைப்பு வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

பின்னணியைச் சுருக்கமாகக் காணலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையைத் தன் வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரகங்களுக்குப் பணிவிடை செய்வதா என்று மிஷனரிகள் எழுப்பிய எதிர்ப்பும் சேர்ந்து, 1863இல் அந்தப் பொறுப்பைக் கைகழுவியது. இந்தியாவில் அரசையும் மதத்தையும் பிரிக்க நடந்த முதல் பெருமுயற்சி இப்படிக் கோயிலைத் தீண்டத் தயங்கிய வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது என்பது விசித்திரம்தான். அதன் விளைவாகக் கோயில் சொத்துகள் தர்மகர்த்தாக்களின் கையில் கேட்பாரற்றுப் போயின. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டம் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். அந்தச் சட்டத்தின் வாரிசு 1951ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம். அது இந்து நிறுவனங்களுக்கு மட்டும் உரியது.

பம்பாய் அரசு 1950இல் இயற்றிய பொது அறக்கட்டளைச் சட்டம் வேறு பாதையில் சென்றது. கோயில், மடம், வக்ஃபு, வியாபாரிகள் தர்மத்திற்கென்று எடுத்துவைக்கும் தர்மாதா, 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவான சமயச் சங்கம் எனப் பலவற்றையும் அது ஒரே பதிவேட்டில் சேர்த்தது. கோயிலை எடுத்து நடத்தும் எண்ணம் அதில் இல்லை. பதிவு செய், கணக்கெழுது, தணிக்கை செய், ஆண்டுதோறும் காட்டு என்பதே அதன் கட்டளை. அதிகாரிக்கு அறக்கட்டளை ஆணையர் என்று பெயர். மராத்தியில் தர்மாதாய ஆயுக்தர். எந்த மதமாயினும் ரூபாய்க்குக் கணக்கு ஒன்றுதான் என்ற வணிக நகரத்தின் புத்தி இதில் தெரிகிறது.

இரண்டு சட்டங்களையும் மதத்தார் எதிர்த்தனர். சென்னைச் சட்டத்திற்கு எதிராக வந்தவர் உடுப்பி சிரூர் மடத்தின் லட்சுமீந்திர தீர்த்தர். உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. எட்டு மடங்களும் முறைவைத்து, பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாண்டு கிருஷ்ணர் கோயில் பூசையை ஏற்கும் பர்யாயச் செலவால் மடம் கடன்பட்டது, அதைக் காரணம் காட்டி வாரியம் தலையிட்டது, வழக்கு பிறந்தது. பம்பாய்ச் சட்டத்திற்கு எதிராக வந்தவர்கள் ஒரு சமணக் கோயிலின் மேலாளரான ரதிலால் பானாசந்த் காந்தியும், பார்சி பஞ்சாயத்து நிதியின் அறங்காவலர்களும். சிரூர் மடத் தீர்ப்பு 1954 மார்ச் 16ஆம் நாளும், ரதிலால் தீர்ப்பு மார்ச் 18ஆம் நாளும் வெளிவந்தன. இரண்டையும் எழுதியவர் நீதிபதி பி. கே. முகர்ஜியா.

மதம் எது என்பதே வழக்கின் மையமாக இருந்தது. எம். சி. சாக்ளா தலைமை நீதிபதியாக இருந்த பம்பாய் உயர் நீதிமன்றம், மனிதனை அவன் மனச்சாட்சியோடு பிணைக்கும் நம்பிக்கையும் ஒழுக்கநெறியுமே அரசமைப்பு கருதும் மதம் என்று குறுக்கிக் கூறியிருந்தது. அட்டர்னி ஜெனரலின் வாதமும் இதற்கு அருகில் நின்றது: மதத்தோடு ஒட்டியிருந்தாலும் அதன் இன்றியமையாக் கூறாக இல்லாத உலகியல் செயல்கள் யாவும் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை என்றார். முகர்ஜியா இதை ஏற்கவில்லை. எது இன்றியமையாதது என்பதை அந்தந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முதன்மையாக அறிய வேண்டும். குறித்த வேளையில் தெய்வத்திற்கு நைவேத்தியம் படைக்க வேண்டும் என்று ஒரு மரபு சொன்னால், அதற்குப் பணம் செலவாகிறது என்பதாலேயே அது உலகியல் செயலாகிவிடாது என்று எழுதினார். நிர்வாகம் வேறு, வழிபாடு வேறு. ஆனால் நிர்வாக உரிமையையே முழுதும் பறித்து வேறொருவரிடம் கொடுக்கவும் அரசால் இயலாது.

இந்த அளவுகோலின்படி பம்பாய்ச் சட்டத்திலும் சில பகுதிகள் வீழ்ந்தன. கோயிலுக்கோ மடத்துக்கோ ஆணையரையே அறங்காவலராக நியமிக்க இடந்தந்த பிரிவு செல்லாது எனப்பட்டது. சமய நோக்கத்திற்கு வந்த நிதியை வேறு காரியத்திற்குத் திருப்பிவிடும் அதிகாரமும் போயிற்று. பதிவும் கணக்கும் தணிக்கையும் நிலைத்தன.

பணம் பற்றிய முடிவில்தான் இரு தீர்ப்புகளும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. சென்னை அரசு சமய நிறுவனங்களின் வருமானத்தில் 5 விழுக்காடு வரை கேட்டது. அது அரசின் பொதுக் கருவூலத்தில் கலந்தது; கொடுத்த பணத்திற்கும் பெற்ற சேவைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே அது கட்டணமன்று, வரி. அதை விதிக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு இல்லை. பம்பாய் கேட்ட பங்களிப்பு தனி நிதியில் சேர்ந்து, அறக்கட்டளைகளின் மேற்பார்வைக்கே செலவாயிற்று. ஆகவே அது கட்டணம், செல்லும். அரசுக்கும் மதத்திற்கும் நடுவிலுள்ள கோட்டைத் தேடிய நீதிமன்றம், பணம் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்த்து ஒரு பகுதியைக் கண்டடைந்தது. தத்துவம் படிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது.

அமெரிக்கர் பேசும் சுவர் இங்கே ஏன் எழவில்லை என்ற கேள்வி எழும். அதை எழுப்ப முயன்றவரும் பம்பாய்க்காரரே. பொருளியல் அறிஞர் கே. டி. ஷா, எந்த மதத்தோடும் அரசுக்குத் தொடர்பில்லை என்று அறிவிக்கும் தனி உறுப்பு ஒன்றை 1948 டிசம்பர் 3ஆம் நாள் அரசமைப்பு அவையில் முன்மொழிந்தார். அவை அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அம்பேத்கர், இந்நாட்டில் பிறப்பு முதல் இறப்பு வரை மதம் தொடாத இடமே இல்லை என்றும், அதன் வரையறையைச் சுருக்காவிட்டால் எந்தச் சமூகச் சீர்திருத்தமும் இயலாது என்றும் வாதாடியிருந்தார். இன்றியமையாச் சமயச் செயல் என்ற சிந்தனையின் வேர் அந்தப் பேச்சில் இருக்கிறது. மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியின் ராஜகிருகத்தில், தாம் கட்டிய நூலகத்தில் வாழ்ந்தவர், தீண்டாமையை மதத்தின் பெயரால் தாங்கியவர் அவர். மதத்தைச் சுருக்கச் சொன்னதன் அவசரம் அங்கிருந்து வந்தது. 1954இல் முகர்ஜியா அதே சொல்லை எடுத்து மதத்தை விரித்தார்.

விரித்ததன் விலையைத் தனிமனிதன் கொடுக்க நேர்ந்த வழக்கும் பம்பாயிலிருந்தே வந்தது. சாதி விலக்கு, சமூக விலக்கு ஆகியவற்றைத் தடைசெய்யப் பம்பாய் அரசு 1949இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் சையத்னா தாஹிர் சைஃபுதீன் அதை எதிர்த்தார். விலக்கப்பட்டவருக்குத் தம் மக்களின் பள்ளிவாசலும் இல்லை, அடக்கத்தலமும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1962இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை வீழ்த்தியது. விலக்கும் அதிகாரம் சமூகத்தின் சமய உரிமையின் பகுதி என்றது. தனித்து நின்ற தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா, இந்த விலக்கைத் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்போடு சேர்த்துப் பார்த்தார். தாராவியின் ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு அந்த ஒப்பீட்டை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஆலயப் பிரவேச வழக்குகளில் நீதிமன்றம் அவ்வளவு தயங்கவில்லை. மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் 1957இல் தீர்ப்பெழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர், 1944இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற தீட்சிதர் கீர்த்தனை வல்லுநரும் அவரே. ஆகமம் சிலரை விலக்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டபின்னும், கோயிலை எல்லாருக்கும் திறக்கும் அரசமைப்பின் விதியே மேலோங்கும் என்றார். பம்பாயின் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும், தாங்கள் இந்துக்களே அல்லர், ஆகவே அது தங்களைக் கட்டுப்படுத்தாது என்று சுவாமிநாராயண சத்சங்கிகள் 1948இல் வழக்குத் தொடுத்தனர். அவர்களும் இந்துக்களே என்று நீதிபதி கஜேந்திரகட்கர் முடிவாகச் சொன்னது 1966 ஜனவரியில். ஒரு வாசலைக் கடக்கும் உரிமைக்குப் பதினெட்டு ஆண்டு.

மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்பைத் தடுக்க 2016இல் புதிய சட்டம் இயற்றியது. 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்று 2023 பிப்ரவரி 10ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கருதி, அதை ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினர்.

1950ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் என்ற பெயரில் வாழ்கிறது. அதன் தொடக்கப் பிரிவுகளில், அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு வரையறை உண்டு. கோயிலைப் பொறுத்தவரை, அங்கே வழிபட உரிமையுள்ளவரும், வழிபட்டு வரும் வழக்கமுடையவரும் அக்கறையுள்ள நபர் ஆவார். அவர் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. சந்தா கட்டியிருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து, ஆணையரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, அறங்காவலர்கள் மீது வழக்குத் தொடுத்துக் கணக்குக் கேட்கலாம். தாராவியிலிருந்து செவ்வாய்தோறும் செம்பூர் சென்று படியேறும் இரண்டு கூலித் தொழிலாளருக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.