சைகோன் பணமும் மதுக்கரை மணியார்டரும்

போன மாதம் மதுக்கரை மார்க்கெட் மளிகைக் கடையில் நின்றிருந்தேன். பீகாரிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் பையன் ஒருவன் கைபேசியை என்னிடம் நீட்டி, "ஐயா, பணம் போயிருச்சுங்களா?" என்று கேட்டான். நம் ஊர் 'ங்க' அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்தேன். ஏழாயிரம் ரூபாய் அவன் அம்மா கணக்குக்குப் போயிருந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கட்டணமும் இல்லை.

தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தவன் நான். நம் நாட்டுத் தபால் அலுவலகங்களில் மணியார்டர் 1880-இல் வந்தது. என் காலத்தில் நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய் கமிஷன். சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களும் கட்டட வேலைக்காரர்களும் சம்பளத்துக்கு மறுநாள் வரிசையில் நிற்பார்கள். படிவத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். "நான் நலம். மாட்டை விற்க வேண்டாம்." இப்படித்தான் இருக்கும் பெரும்பாலும்.

ஆனால் வெளியூர்ப் பணத்தின் சங்கதி எனக்கு வேலைக்கு வரும் முன்பே தெரியும். நான் பிறந்தது புதுச்சேரியில். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 1881-இல் ஓர் ஆணை போட்டார்கள். தங்கள் குல வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடைத்தது. உத்தியோகக் கதவும் திறந்தது. பலர் இந்தோசீனாவுக்கு, முக்கியமாகச் சைகோனுக்குப் போனார்கள். பட்டாளம், போலீஸ், சுங்கம், வரி வசூல் என்று எல்லா இடத்திலும் நம்மவர்கள் இருந்தார்கள். 1875-இல் தொடங்கிய இந்தோசீன வங்கிக்குச் சைகோனிலும் கிளை, புதுச்சேரியிலும் கிளை.

என் அப்பாவும் சைகோனில் சுங்கக் காவலர். சம்பளம் பியாஸ்தரில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாரீஸ் அரசு ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்கு என்று விலை வைத்தது. வெளிச் சந்தையில் அதில் பாதிதான் பெறும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பெரிய மனிதர்கள் கொள்ளை லாபம் பார்த்தார்கள். பிரான்சில் அது பெரிய ஊழலாக வெடித்தது. 1953 மே 11-ஆம் தேதி ஒரே நாளில் 17 பிராங்கை 10 ஆக்கிவிட்டார்கள். கொள்ளையடித்தவன் தப்பித்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பிய சம்பளக்காரன் மாட்டிக்கொண்டான்.

அப்போது எங்கள் வீட்டு மாடிச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. கொத்தனாரை அம்மா நிறுத்திவிட்டார். ஆனாலும் வீட்டுச் செலவுக்கு வரும் பணம் குறையவில்லையாம். அப்பா ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தத் துண்டை நிரப்பினார் என்பது, அவர் காலமான பிறகு கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் தெருவிலிருந்த சொல்தாக்களின் விதவைகள் பென்ஷன் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பணத்தில் ஓடு மாற்றினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், பையனைப் படிக்க வைத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பட்டறை வரவில்லை. படித்த பையன் பிரான்சுக்குக் கப்பலேறக் காத்திருந்தான்.

உத்தியோகம் என்னைக் கோவைப் பக்கம் கொண்டுவந்தபோதுதான் வேறு வழியும் இருப்பது தெரிந்தது. இங்கே 1888-இலேயே நூல் ஆலை வந்துவிட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும், பருத்தி விளைவித்தவர்களும் விற்றவர்களும் தங்கள் காசை மில்லில் போட்டார்கள். அதே காலத்தில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை புகைய ஆரம்பித்தது. வெளியூர்ப் பணம் வீட்டைத் தாங்கும். உள்ளூரில் வேலை உண்டாக்க அது மட்டும் போதாது. கரண்டும் கடனும் தொழில் பழக்கமும் கூட வேண்டும். அவை இங்கே சேர்ந்ததால்தான் இன்று பீகார்ப் பையன் நம் ஊருக்கு வருகிறான்.

2024-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகில் முதலிடம் நமக்குத்தான். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உலகச் சராசரிக் கட்டணம் இன்னும் நூற்றுக்கு ஆறுக்கு மேல். 2030-க்குள் மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. கொரோனா வந்த 2020-இல், ஏழை நாடுகளுக்கும் நடுத்தர நாடுகளுக்கும் போகும் பணம் 20 சதவீதம் குறையும் என்று உலக வங்கி முதலில் கணித்தது. வருடம் முடிந்து கணக்குப் பார்த்தால் இரண்டு சதவீதம்கூடக் குறையவில்லை. காரணம் பல சொன்னார்கள். எனக்கு அப்பா விட்ட ஒரு வேளைச் சாப்பாடுதான் ஞாபகம் வந்தது.

கடையில் அந்தப் பையனிடம், "உனக்கு எவ்வளவுப்பா வச்சிக்கிட்டே?" என்று கேட்டேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் சிலோன், பர்மா, துபாய் என்று எங்கிருந்தாவது வந்த பழைய ரசீது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்த தொகை அதில் இருக்கும். அனுப்பியவர் எதை விட்டு அனுப்பினார் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள்.