கலமசூவின் கடைத்தெரு

நீதிமன்றமும் வங்கியும் மாதாகோவிலும் ஜவுளிக்கடையும் அடுத்தடுத்து நிற்க, சனிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வந்து கூடி, வாணிபத்தோடு க்ஷேமலாபங்களையும் விசாரித்துக்கொண்ட அமெரிக்கச் சிற்றூர்களின் பிரதான வீதிகள், இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின், மோட்டார் வாகனத்தின் பெருக்கத்தால் க்ஷீணிக்கத் தொடங்கின. 1956-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைகளுக்கு வழிவகுத்தது. அதே வருஷத்தில், நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த விக்டர் க்ரூயன் என்னும் கட்டடக் கலைஞர், எழுபதுக்கு மேற்பட்ட கடைகளையும், மாபெரும் பறவைக்கூண்டு அலங்கரித்த நடுமுற்றத்தையும் ஒரே கூரையின்கீழ் அடக்கி, வெளியே ஆயிரக்கணக்கான கார்கள் நிற்க இடமும் வகுத்தமைத்த சவுத்டேல் அங்காடி, மினசோட்டாவின் எடைனா என்ற புறநகரில் திறக்கப்பெற்றது.

பழைய வீதிகளைக் காக்க மனமார விழைந்தவரும் அவரே என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய யோசனையை ஓரளவு தழுவி, மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ நகரத்தார், 1959-இல், பர்டிக் வீதியின் ஒரு பகுதியில் வாகனங்களைத் தடுத்து, சாலையைப் பெயர்த்து, புல்தரையும் மரங்களும் நீரூற்றும் அமைத்து, கால்நடையாக வருவோர்க்கே அதனை உரிமையாக்கினர். எத்துணை அழகிய முயற்சி! பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. ஆனால் பெரும்பாலானவற்றில் வாடிக்கையாளர் திரும்பவில்லை. 1998-இல் கலமசூவே அவ்வீதியிற் கார்களை மீண்டும் அனுமதித்தது. தம் வழியைப் பின்பற்றிப் பிறர் எழுப்பிய அங்காடிகளை க்ரூயன் தமது அந்திமக் காலத்தில் வன்மையாகக் கண்டித்தார். எனினும், நெடுஞ்சாலைகளுக்குப் பொதுப்பணத்தை வாரி வழங்கி, ஊர் வீதிகளைக் கைவிட்ட அரசாங்கக் கொள்கையே இந்நாசத்தின் பிரதான காரணம் என்பது என் துணிபு.