எலிகளிடம் கிடைத்த விடை: எண்டோசல்ஃபானும் காசர்கோடும்

இந்தியாவில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிப் பொதிகளின் மீதுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் ஒரே ஓர் அளவையே அடிப்படையாகக் கொண்டவை: சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு நஞ்சு தேவை? கொல்லாமல், வளரும் உடலின் ஹார்மோன்களை மட்டும் குலைக்கும் வேதிப்பொருளை அந்த அளவு காட்டிக்கொடுக்காது.

அதைக் கண்டறியும் வழி இல்லாமலில்லை. விதை நீக்கப்பட்ட எலிகளைக் கொண்டு ஆண்மை ஹார்மோனின் செயலை அளக்கும் ஹெர்ஷ்பெர்கர் சோதனை 1953ஆம் ஆண்டிலேயே மருந்தியலில் அறிமுகமாயிற்று. வேதிப்பொருள்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறியாக அது ஏற்கப்பட்டது 2009இல்தான். அமெரிக்காவிலும் பூச்சிக்கொல்லிகளை ஹார்மோன் விளைவுகளுக்காகச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் 1996இல் வந்தது. முதல் சோதனை ஆணைகள் 2009இல் பிறந்தன.

இந்த இடைவெளியின் பொருளைக் காசர்கோட்டில் காணலாம். அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000 வரை, வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. தோப்புகள் குன்றுகளின் மேல். வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் அடிவாரத்தில். எண்டோசல்ஃபான் எலிகளின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது என்று இந்திய அறிவியலாளர்கள் 1990இலேயே வெளியிட்டிருந்தனர். அதன் பின்னரும் பத்தாண்டுகள் தெளிப்பு தொடர்ந்தது.

2001இல் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் களத்தில் இறங்கியது. தோப்படியிலிருந்த ஊரைச் சேர்ந்த, 10 முதல் 19 வயது வரையிலான 117 பள்ளிச் சிறுவர்களும், தெளிப்புக்கு உட்படாத ஊரைச் சேர்ந்த 90 பேரும் ஒப்பிடப்பட்டனர். தெளிப்பு நின்று மாதங்கள் கடந்தும் முதற்பிரிவினரின் குருதியில் எண்டோசல்ஃபான் எச்சம் மிகுதியாக இருந்தது. அவர்களிடம் பருவ வளர்ச்சி பிந்தியிருந்தது. வயதுக்கேற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. விதைகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனோ உயர்ந்திருந்தது. தூண்டல் கூடியும் சுரப்பு கூடவில்லை என்பதே இதன் பொருள்.

2003இல் வெளியான அக்கட்டுரை தன் வரம்புகளையும் மறைக்கவில்லை: மாதிரி சிறியது, பலர் பரிசோதனைக்கு உடன்படவில்லை. எனவே, எண்டோசல்ஃபான் பருவ வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற அளவோடு அது நின்றது. அறிவியலுக்கு அந்த எச்சரிக்கை அழகு. ஆனால் கொள்கை வகுப்போர் ஐயத்தின் பலனை யாருக்கு அளித்தனர் என்பதே வரலாறு கேட்கும் கேள்வி. நாடு தழுவிய தடையை உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது 2011 மே 13 அன்று. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு அது ஆணையிட்டது 2017இல்.

சோதனை முன்னும் பயன்பாடு பின்னும் வருவதே முறை. எலிகளிடம் கிடைத்த விடை போதாதென்று விடப்பட்டபோது, அதே விடையைச் சிறுவர்களின் குருதியிலிருந்து பெற வேண்டியதாயிற்று.