செல் நிண்ட பிறகும் நிற்காத சத்தம்

புத்தூரில் மெதடிஸ்த மிஷன் வைத்தியசாலை இருக்கிறது. இப்படியான ஊர் வைத்தியசாலைகளின் கதையைச் சொல்லும்போது நாங்கள் டொக்டரையும் தாதியையும் நினைப்போம். காதைப் பரிசோதிக்கிற செவிப்புலவியலாளர் நினைவுக்கு வாறதில்லை. ஆனால் எங்கட குடாநாட்டுக்கு அந்த ஆள் அவசியம்.

அந்தத் தொழிலே போரில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் செவி கெட்டுத் திரும்பிய அமெரிக்கப் படையினருக்காக இராணுவ வைத்தியசாலைகளில் தனிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. அப்படியான ஒன்றில், பென்சில்வேனியாவில் பணிசெய்த ரேமண்ட் கார்ஹார்ட்டைத்தான் துறையின் தந்தை என்கிறார்கள். இந்தியா 1965இல் மைசூரில் இதற்கென்று தேசிய நிறுவனமே அமைத்தது.

எங்களுக்கும் போர் வந்தது. பங்கருக்குள் இருந்தாலும் செல்லடியும் கிபிர் இரைச்சலும் காதை விடவில்லை. வெடியில் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாக ஆறிவிடும். உட்செவியின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹேர்ட்ஸ் அளவிலான கீச்சு ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. 'பச்சை' எது, 'பட்டை' எது என்று குழம்பும். நாங்களோ "அம்மம்மாவுக்கு வயசு போட்டுது" என்று சொல்லிவிட்டு, மெல்ல மெல்ல அவவோட கதைக்கிறதையே குறைச்சுப் போடுறம்.

பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்குக் கைதடியில் 1956இலிருந்து நவீல்ட் பாடசாலை இருக்கிறது. இடையில் செவி இழந்த பெரியவர்களுக்கு உதவி வரப் பிந்திவிட்டது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் பட்டப்படிப்பு 2008இல்தான் தொடங்கியது. அடுத்த வருசம் போரே முடிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பரிசோதனைக்குக் கருவி மட்டும் காணாது. சொற்களைச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். அந்தச் சொற்கள் அவர் வீட்டில் புழங்குகிற தமிழாக இருக்க வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் வாழ்ந்த அம்மம்மாவுக்குச் சென்னைச் சொல்லைக் கொடுத்தால், அவ தடுமாறினது காதாலேயா சொல்லாலேயா என்று எப்படிப் பிரிக்கிறது?

இது எங்களுக்குப் புதிசில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிச்சார், நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழி மருத்துவத்தின் ஒரு பகுதி என்று அவருக்கு அப்பவே விளங்கியிருந்தது.

போரில் போன உயிரையும் காலையும் கையையும் பற்றி எழுதுகிறோம். போன செவியையும் அந்தக் கணக்கில் சேர்ப்போம். அதற்கு முதல், வீட்டிலுள்ள பெரியவரை ஒருக்கால் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.